எந்தப் பக்கமாகப் போவது?

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ மிகக் குறுகிய வான்வழியில் சுமார் 14,000 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. உலகத்தின் மறுபக்கம் என்பதால் கிழக்கே ஹாங்காங் வழியாகவும் போகலாம், மேற்கே துபாய், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் போகலாம். தங்கையைப் பார்க்க அம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறேன். வயதானவர்களோடு போகிறவர்கள் டிக்கெட் விலையைப் பார்க்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுவது நல்லது.

ஹாங்காங் வழி ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் வழி 16,500-க்கும் மேல். தூரம் மட்டுமல்ல, காற்றும் கணக்கில் வரும். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. அதனால் ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். அதே தூரம் திரும்பி வர பதினான்கு, பதினைந்து ஆகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய விஷயம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஹாங்காங்கில் மதியம் ஒரு மணிக்கு ஏறினால், அன்றைக்கே காலை பத்தரை வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கலாம்! இதை வைத்துக்கொண்டு மாத்திரை வேளையைக் கணக்கிட முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு, எந்த மாத்திரை எப்போது என்று இந்திய நேரத்திலேயே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மாத்திரைகளோடு கைப்பையில் வைத்துவிட்டேன். அம்மாவின் கைக்கடிகாரத்தைத் தங்கை வீடு போய்ச் சேரும்வரை மாற்றவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தும்போதும், "மணி எட்டாச்சு, ராத்திரி மாத்திரை குடும்மா" என்று அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். இன்சுலின் போடுகிறவர்கள் அங்கே போன பிறகு வேளையை எப்படி மாற்றுவது என்பதையும் டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் இறங்கும் ஊரில் மூன்று, நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். வீல்சேர் கேட்டிருந்தால் அது வந்து சேரவே நேரமாகும். நியூயார்க்கில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிக்கும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அமெரிக்காவில் முதலில் தரையிறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும். நீண்ட பயணத்துக்குப் பிறகு அம்மாவை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை. நேரே சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும் விமானமாகவே பார்ப்பேன்.

ஹாங்காங் வழியாகத் திரும்பும்போது தேதிக்கோட்டைத் தாண்டுவதால் ஒரு நாள் போய்விடும். புதன்கிழமை அதிகாலை பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் ஹாங்காங்கில் வியாழன் காலைதான். மீனம்பாக்கத்துக்குக் கார் சொல்லும்போது சென்னையில் இறங்கும் தேதியையே சொல்லுங்கள்.