சந்தைப் பொம்மை நேட் ஆகுமா?

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பை நிறையப் பழைய பொம்மை விமானங்கள் வாங்கினேன். பிளாஸ்டிக்கும் உண்டு, உலோகமும் உண்டு. 1971-இல் போய்ராவில் நம் நேட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர்களோடு மோதியதை மேசைப் போர் விளையாட்டாக மகளோடு ஆட ஆசை. இவற்றை அப்படி மாற்ற முடியுமா?
— வாசகர், பொழிச்சலூர்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் பிளேடைத் தொடும் முன் ஸ்கேலை எடுங்கள். பொம்மைகளை அட்டைப்பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குத்தான் செய்கிறார்கள். ஜம்போவும் போர்விமானமும் ஒரே நீளத்தில் கிடக்கும். போய்ராவுக்கு அது ஆகவே ஆகாது. நேட்டின் நீளம் 8.7 மீட்டர், சேபருக்கு 11.4. அந்தச் சிற்றுருவம்தான் நேட்டின் பெரும்பலம்; எதிரி விமானியின் கண்ணில் எளிதில் படாது. 1971 நவம்பர் 22 அன்று நான்கு நேட்கள் பாய்ந்ததில் இரண்டு சேபர்கள் வீழ்ந்தன, அவற்றின் விமானிகள் பிடிபட்டார்கள். அந்த உருவ வித்தியாசம் மேசையில் தெரியாவிட்டால் ஆட்டத்தில் உயிர் இருக்காது. 144-இல் ஒரு பங்கு என்று வைத்தால் நேட் 6 செ.மீ., சேபர் ஏறக்குறைய 8 செ.மீ. சில மில்லிமீட்டர் கூடக்குறைய இருப்பவற்றை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

பையில் மிக்-15 இருந்தால் சேபர் பாதி முடிந்த மாதிரி. இரண்டுக்கும் மூக்கில்தான் காற்றுவாய், இறக்கைகளும் பின்சாய்ந்தவை. மிக்கின் வால் இறக்கை நிமிர்ந்த வாலின் நடுவே இருக்கும். அதை அறுத்து அடியில், உடலோடு ஒட்டுங்கள். நேட்டுக்குப் பக்கவாட்டில் காற்றுவாய் உள்ள சின்ன ஜெட் வேண்டும். அதன் இறக்கைகளை நீக்கிவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டில் புது இறக்கை வெட்டி, முதுகுக்கு அருகே, நுனி சற்றுக் கீழே சாயும்படி ஃபெவிக்விக்கில் ஒட்டுங்கள். கை நீட்டும் தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு நிழலுருவம்தான் முக்கியம். ரிவெட், பேனல் கோடுகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

சக்கரங்களை வெட்டி, குழிகளை எம்-சீலால் அடையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், அந்த வேலையை மகளிடம் கொடுக்க வேண்டாம். வளையும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் எனாமல் காயாமல் பிசுபிசுக்கும், அதற்கு அக்ரிலிக்தான். இந்திய வட்டக்குறியில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. பாகிஸ்தானுக்குப் பச்சை வளையத்துக்குள் வெள்ளை.

விமானத்தை விரல் நுனியில் நிறுத்திப் பாருங்கள். சாயாமல் நிற்கும் இடத்தில் துளையிட்டு அக்ரிலிக் குச்சியைச் செருகுங்கள். உலோகப் பொம்மை கனம் என்பதால் அடித்தட்டு அகலமாக இருக்கட்டும், கீழே ஓர் இரும்பு வாஷரையும் ஒட்டிவிடுங்கள். உயரம் மாறும்போதெல்லாம் குச்சியை மாற்ற வேண்டியதில்லை. தட்டின் மேல் ஒரு சிறு பகடையை வைத்து எண்ணைத் திருப்பினால் போதும்.