தறிகெட்ட துடிப்பும் தளர்ந்த இதயமும்

துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் சுமை தூக்கியவர், பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறார். மாலையில் கால் வீங்குகிறது. இரவில் மல்லாந்து படுக்க முடிவதில்லை. எக்கோ பரிசோதனைத் தாளில் ‘இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் 30 விழுக்காடு’ என்று கண்டதும் குடும்பமே கலங்கிவிடுகிறது. அந்நேரத்தில் ஈ.சி.ஜி. என்ன சொல்கிறது என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் மேலறை நடுக்கம் அதில் இருந்தால், தளர்ச்சிக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். அவ்வாறாயின், இழந்த வலிமையில் பெரும்பகுதி மீளவும் வாய்ப்புண்டு.

இந்நோயில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றன. கீழறைகள் ஒழுங்கற்று விரைந்து துடிக்கின்றன. நிமிடத்திற்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1,04,000 முறை துடிக்கும். அதுவே 130 ஆனால் 1,87,000. இரத்தம் நிரம்ப நேரமின்றி, ஓய்வுமின்றி, வாரக்கணக்கில் உழைக்கும் தசை சோர்ந்து விரிவடைகிறது. மாரடைப்பில் இறந்த தசை மீளாது. இவ்வாறு சோர்ந்த தசை பெரும்பாலும் மீளும்.

துடிப்பால் தசை தளர்ந்ததா, தளர்ந்த தசையால் துடிப்பு கெட்டதா என்பதைத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்வது கடினம். துடிப்பைச் சரிசெய்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் எக்கோ எடுத்தால்தான் விடை தெளியும். அந்த இரண்டாவது எக்கோவைத் தவறவிடாதீர்கள்.

மருத்துவம் மூவகையில் நடைபெறும். உறைவைத் தடுத்தல் முதலாவது. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். வாத காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின் மாத்திரையே ஏற்றது. அதை உண்போர் முருங்கைக்கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்டால் போதும்.

அடுத்தது, பீட்டா பிளாக்கர், டிகாக்ஸின் போன்ற மருந்துகளால் வேகத்தைக் குறைத்தல். மூன்றாவது, மின்னதிர்ச்சியாலோ மருந்தாலோ அப்லேஷனாலோ சீரான துடிப்பை மீட்டல். “இன்றே ஏன் செய்யவில்லை?” என்று உறவினர் வருந்துவதுண்டு. உள்ளே உறைந்த இரத்தம் இருந்தால், துடிப்பு சீரானதும் அது பெயர்ந்து மூளைக்குப் போகலாம். ஆகவே, அவசரமில்லாதபோது 3 வாரம் உறைவுத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அல்லது உணவுக்குழாய் வழி எக்கோ எடுத்து உறைவில்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். மருந்தை அதன்பிறகும் குறைந்தது 4 வாரம் தொடர வேண்டும். பலருக்கு வாழ்நாள் முழுவதும்.

அப்லேஷன் என்பது தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நுரையீரல் சிரைகளின் வாயிலில் தவறான மின்தூண்டலைத் தடுக்கும் முறை. 2017-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், வேறு காரணம் தென்படாத தளர்ச்சியுடையோரிடம் 6 மாதத்தில் இதயத்திறன் சராசரியாக 18 புள்ளிகள் உயர்ந்தது. வேகத்தை மட்டும் மருந்தால் குறைத்தவர்களிடம் 4 புள்ளிகளே. தசையில் தழும்பு இல்லாதோர் கூடுதலாகத் தேறினர். எல்லாருக்கும் இது பொருந்தாது. சிலருக்கு மறுபடியும் செய்ய நேரும்.

நம் கரைக்குரிய சில செய்திகள். கருவாடும் உப்பிட்ட ஊறுகாயும் உடலில் நீரைத் தேக்கும். இவற்றை விடுவது இங்கே எளிதல்ல என்பதை அறிவோம், ஆயினும் விடத்தான் வேண்டும். உப்பளத்தில் வெயிலில் உழைப்பவர், நீர் பிரியும் மாத்திரையின் அளவையும் குடிக்கும் நீரின் அளவையும் தம் தொழிலைச் சொல்லியே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். வீட்டில் இருப்பவருக்குச் சொன்ன அளவு அவருக்கு ஒத்துவராது. சங்கு குளிப்பவர், மருத்துவர் இசைவு தரும்வரை கடலில் மூழ்கலாகாது.

உடன் இருப்போர் நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டா. ஒழுங்கற்ற துடிப்பில் அது தவறும். முழு நிமிடம் எண்ணி, காலை எடையுடன் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள்.

உடல் தேறியதும் மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் பலர். நடுக்கம் திரும்பினால், முன்பு மாதக்கணக்கில் தளர்ந்த இதயம் இம்முறை மிக விரைவிலேயே தளர்ந்துவிடலாம்.