மீட்ட வழிபாடும் மரபின் உயிரும்

ஐரோப்பாவில் கிறித்து சமயத்திற்கு முற்பட்ட தெய்வ வழிபாடுகளை மீட்டு நிறுவுவோர் இக்காலத்துப் பலர். ஐசுலாந்தில் 1972-இல் தோன்றிய ஆசாத்ரூ சங்கம் அடுத்த ஆண்டே அரசினரால் ஏற்கப்பட்டது. லித்துவேனியாவில் ரோமுவா வழிபாட்டினர் தீ வளர்த்துப் பாடிப் பரவுகின்றனர். இவர்தம் கிரியை, குறி, புராணம் ஆகியவற்றைச் சைவ மாணவர் எங்ஙனம் கற்றல் வேண்டுமென ஊரப்பாக்கத்து அன்பரொருவர் வினாவினர். பிறர் கோளை முதற்கண் அவர் கூற்றாகவே நிறுத்திப் பின் ஆராய்தல் சிவஞான சித்தியார்ப் பரபக்கம் காட்டும் நெறி. அதனையே ஈண்டும் மேற்கொள்வோம்.

முதலிற் குறியினை நோக்குவோம். பண்டைச் செருமானியர், கனிமரக் கிளையைத் துண்டங்களாக்கி அடையாளமிட்டு வெண்டுகில்மேற் சிதறுவர் என்றும், குருவோ குடித்தலைவனோ தெய்வத்தை வேண்டி வானோக்கி மும்முறை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருளுரைப்பர் என்றும், உரோம ஆசிரியர் டாசிட்டசு கி.பி. 98-இல் எழுதிய 'செருமானியா' கூறும். நம்மவரிடையும் இதனை யொத்த வழக்குண்டு. மகப்பேறின்றி வருந்திய அச்சுத களப்பாளர்பொருட்டு, அவர்தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதர் திருமுறை ஏட்டிற் கயிறு சாத்திப் பார்த்தனர். சம்பந்தர் அருளிய திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அத்தலத்தை வழிபட்டு அவர் பெற்ற மகவே மெய்கண்டார் என்பது மரபு.

இரண்டும் புறத்தே ஒக்கும், அகத்தே வேறு. கயிறு சாத்தியவர் அத்திருமுறையை வழிவழி ஓதியுணர்ந்தவர். செருமானியர் இட்ட அடையாளங்கள் இவையென டாசிட்டசு கூறிற்றிலர். இன்று ரூன் எழுத்துக்களாற் குறி பார்ப்போர், இடைக்காலப் பாடல்களினின்றும் தங்கருத்தினின்றும் பொருள் வகுத்துக்கொள்கின்றனர். புராணமும் அத்தகையதே. ஐசுலாந்தினர் கிறித்து சமயம் தழுவியது கி.பி. 1000 அளவில், அவர்தம் பழங்கதைகளை ஸ்னோரி 'எட்டா' என்னும் நூலாகத் தொகுத்தது 13-ஆம் நூற்றாண்டில்.

இதுகொண்டு அவரை எள்ளுதல் தகாது. தில்லையிற் செல்லரித்துக் கிடந்த நம் திருமுறைகளும் மீட்கப்பட்டனவே. ஏடுகள் கிடைத்தும் பண் கிடைத்திலது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையாரொருவரை எருக்கத்தம்புலியூரிற் கண்டு, அவர்வாயிலாகவே பண் வகுக்கப்பட்டதெனத் திருமுறைகண்ட புராணம் உரைக்கும். நூல் உடல்; வாய்வழி மரபே உயிர்.

ஆதலின் மீட்கப்பட்ட எவ்வழிபாட்டையும் நோக்கி நாம் கேட்கற்பாலது ஒன்றே: 'நுமக்குப் பாணர் மரபு உண்டோ?' லித்துவேனியச் சிற்றூர்ப் பெண்டிர் வழிவழிப் பாடிவந்த நாட்டுப்பாடல்கள் அத்தகையன. அவற்றை மதித்துக் கற்கலாம். ரூன் குறிக்கு அத்தகைய தொடர்பு இல்லை; அதனைப் புத்தாக்கமென்றே கொள்க.

இவ்வினா நம்மை நோக்கியும் எழும். திருமுறைகள் அச்சேறிவிட்டன. அதனால் அமைந்து, பண்ணோடு ஓதுவாரைப் பேணாதொழியின், நம் பின்னோரும் ஏட்டினின்றே சைவத்தை ஊகித்தறிய நேரும். அந்நிலை வாராமற் காத்தல் மடங்களின் தலையாய கடன்.