ஒரு மணி நேரப் பயணமும் கஸ்ருத் தொழுகையும்

சென்னையிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் கொழும்பில் இறங்கிவிடலாம். வெயிலும் இல்லை, களைப்பும் இல்லை. இந்தப் பயணத்திற்கும் கஸ்ரு உண்டா என்று பலர் கேட்கின்றனர்.

உண்டு. பிரயாணச் சலுகையை ஷரீஅத் தூரத்தோடு பிணைத்திருக்கிறதேயன்றி, கழியும் நேரத்தோடோ படும் சிரமத்தோடோ பிணைக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அத்தூரம் இரண்டு மர்ஹலா. அதாவது 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைதூரம்; நம் நாட்டு உலமாக்கள் பலர் இதை 48 மைல், சுமார் 77 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுள்ளனர். கொழும்போ 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

ஹிஜ்ரி 676-ல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில், கடலும் தரையைப் போன்றதே என்றும், அந்த மைல்களைக் கப்பலில் சிறிது நேரத்திலேயே கடந்துவிட்டாலும் கஸ்ரு செய்யலாம் என்றும் எழுதியுள்ளார்கள். விமானத்திற்கும் இச்சட்டமே பொருந்தும்.

"சிரமமில்லாதபோது சலுகை எதற்கு?" என்ற எண்ணம் புதிதல்ல. அச்சம் நீங்கி அமைதி ஏற்பட்ட பின்னும் ஏன் கஸ்ரு என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, அது அல்லாஹ் உங்களுக்கு அளித்த ஸதகா, அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். கொடுப்பவன் அல்லாஹ்வாக இருக்க, வேண்டாமென்பது அடியானுக்கு அழகல்ல.

ஆனால் சலுகைக்கு எல்லை உண்டு. ஊரைக் கடந்த பிறகே ஒருவர் முஸாபிர் ஆவார். மீனம்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் இருப்பதால், சென்னைவாசி அங்கே விமானத்திற்குக் காத்திருக்கையில் முழுமையாகவே தொழ வேண்டும். கீழக்கரையிலிருந்து புறப்பட்டு வந்தவரோ அதே இடத்தில் கஸ்ரு செய்யலாம். லுஹர், அஸர், இஷா மூன்றும் இரண்டு ரக்அத்தாகும். ஸுப்ஹும் மஃரிபும் குறையா. ஊர்வாசியான இமாமைப் பின்பற்றினால் முழுமையாகத் தொழ வேண்டும்.

நேரத்தின் கணக்கு வேறோரிடத்தில் வருகிறது. சென்னையிலிருந்து ஜித்தா சுமார் 4,400 கிலோமீட்டர். ஏறத்தாழ 6 மணி நேரப் பயணம். பகல் 2 மணிக்குப் புறப்பட்டால், இறங்கும்போது நம் கைக்கடிகாரம் 8 மணி காட்டும். ஜித்தாவில் மாலை 5.30 தான். விமானம் சூரியனைப் பின்தொடர்ந்து மேற்கே செல்வதால் பகல் நீளுகிறது. ஆகவே நோன்பாளி ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது; தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்ததை உறுதி செய்தே திறக்க வேண்டும். தொழுகையின் வக்தும் அவ்வாறே.

வக்து தவறிவிடும் என்றிருந்தால் விமானத்திலேயே தொழ வேண்டும். இடமிருந்தால் நின்று, கிப்லாவை முன்னோக்கித் தொழுக. இயலாவிட்டால், வக்தின் கண்ணியத்திற்காக இருக்கையில் இயன்றவாறு தொழுது, இறங்கியபின் மீட்டித் தொழுவதே பேணுதலாகும். ஏறுமுன் ஒளூச் செய்துகொள்வது பெரும் உதவியாக இருக்கும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் புறப்படுமுன்னரே நினைவூட்டுங்கள்.

கஸ்ரு செய்ய வெட்கப்பட்டு நான்கு ரக்அத் தொழுபவர், அடுத்த வக்தைத் தூக்கத்தில் களாவாக்கிவிடுவதையும் காண்கிறோம். தொழுகையைக் குறைத்துத் தந்த ரப்பு, அதை விட்டுவிட அனுமதி தரவில்லை. அவன் தந்த சலுகையை நன்றியோடு ஏற்று, அவன் விதித்த வக்தைப் பேணி நடக்க நம் அனைவருக்கும் அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.