மூத்திரப்பையில் தங்கிய கல்

அன்புள்ள தம்பிக்கு,

லூனாஸில் இருக்கும் நம் தாத்தாவுக்கு மூத்திரப்பையில் கல் இருப்பது தெரிந்தும் பல வருஷமாக எடுக்காமல் வைத்திருக்கிறார், அது புற்றுநோய் ஆகிவிடுமா என்று கேட்டிருந்தாய். கல் புற்றுநோயாக மாறாது. ஆனால் வருஷக்கணக்கில் அது உரசிக்கொண்டே இருந்தால், பையின் உள்தோல் மாறக்கூடும்.

வயதான ஆண்களுக்கு இந்தக் கல் பெரும்பாலும் புரோஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை நெருக்குவதால் வருகிறது. மூத்திரம் முழுக்க வெளியேறாமல் தேங்க, தேங்கியதில் உப்பு படிகிறது. போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று அடைபடும். உடம்பைச் சற்றுத் திருப்பினால் மறுபடி வரும். முடிக்கும் நேரத்தில் நுனியில் சுரீரென்று வலிக்கும். தாத்தா இதையெல்லாம் உடம்புச் சூடு என்று இளநீரோடு விட்டிருப்பார். விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை பால்மரம் சீவிய தலைமுறை அது. உடம்பின் தொல்லையை வெளியே சொல்லிப் பழகவில்லை.

கல் உரச உரச, கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ள, பையின் மென்மையான உள்தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. கையில் காய்ப்புக் காய்ப்பதுபோலத்தான். அங்கே முளைக்கும் தட்டையான செல்களில் சில, காலப்போக்கில் கட்டுமீறி வளரலாம். எகிப்தில் நைல் நதிக்கரை விவசாயிகளுக்கும் இதே வழியில்தான் மூத்திரப்பைப் புற்றுநோய் அதிகம் வந்தது. அங்கே கல்லுக்குப் பதிலாக ஒட்டுண்ணிப் புழுவின் முட்டைகள் பைச்சுவரில் தங்கின. முதுகுத்தண்டு அடிபட்டு, வருஷக்கணக்கில் மூத்திரக் குழாயோடு இருப்பவர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு.

அதற்காகத் தாத்தாவைப் பயமுறுத்தாதே. கல் உள்ள பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை. மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு மிகப் பெரிய காரணம் புகைப்பழக்கம். ரசாயனமும் ஒன்று: 1895-இல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய மருத்துவர் சாயத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு சொன்னார். பிரிட்டனின் ரப்பர் ஆலைகளில் பீட்டா நாப்தைலமின் கலந்திருந்த ஒரு சேர்மானப் பொருள் 1949-இல்தான் நிறுத்தப்பட்டது. மரம் சீவியவர்களுக்கு அந்தப் பொருளோடு தொடர்பில்லை. ஆனால் தாத்தா இன்னும் சுருட்டை விடவில்லை என்றால், கல்லைப் பற்றிப் பேசும்போதே அதையும் பேசு.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. மூத்திரத்தில் ரத்தம் வந்தால், "அதான் கல் இருக்கே" என்று வீட்டில் எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். கட்டி இருந்தாலும் அதே ரத்தம்தான் வரும். பல நேரம் வலியே இல்லாமல், ஒருநாள் வந்து மறுநாள் நின்றும் போகும். நின்றதும் மறந்துவிடுகிறோம். கட்டி வளர அதுவே போதும்.

வாழைத்தண்டுச் சாறு குடிக்கட்டும், தடுக்காதே. ஆனால் அதை நம்பி நாள் கடத்த வேண்டாம். பக்கத்து அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கி, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ, அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைக்கோ அழைத்துப் போ. மெல்லிய குழாயில் கேமரா விட்டு உள்ளே பார்ப்பார்கள். பெரும்பாலும் அதே வழியாகவே கல்லை உடைத்து எடுத்துவிடலாம். உள்தோல் எங்காவது சிவந்தோ தடித்தோ இருந்தால், சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேள். புரோஸ்டேட்டுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கல் திரும்ப வரும்.

பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் கையோடு இருக்கட்டும். ரத்தம் வந்த தேதிகளைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வை. தாத்தா சொல்ல மாட்டார்.

அன்புடன்,
அக்கா