காட்டுச் செடியும் தோட்டச் சந்தையும்

வீட்டு முற்றத்தில் பூச்செடி வளர்ப்பது நற்பழக்கம். நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் அது பரவி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், வாங்கும் செடி எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. நாற்றங்காலில் வளர்த்த செடிகளோடு, காட்டிலிருந்து வேரோடு பெயர்த்த செடிகளும் சந்தையில் கலந்து வருகின்றன. மலைப்பகுதி மக்களின் வாழ்வோடு பிணைந்த இவ்வாணிகத்தின் தன்மையை ஊராட்சிகளும் மகளிர் குழுக்களும் அறிந்திருத்தல் நலம்.

பறித்தலும் பெயர்த்தலும்

கடுக்காய் பொறுக்கினால் மரம் நிற்கிறது. மறு ஆண்டும் பலன் தருகிறது. செடியையே பெயர்த்தால் விதை தரும் தாய் மறைந்துவிடுகிறது. ஆர்க்கிட் இனங்களில் இவ்விழப்பு மிகப் பெரிது. ஒரு காயில் பல்லாயிரம் விதைகள் இருப்பினும் அவை தூசி போன்றவை. முளைக்குரிய உணவு அவற்றில் இல்லை. ஏற்ற பூஞ்சையின் துணை கிடைத்தாலன்றி அவை காட்டில் முளைப்பதில்லை; முளைத்தவை பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். இச்செடிகளைக் கட்டி வளர்ப்பதற்காக வெட்டப்படும் மரப் பெரணியும் மெதுவாக வளர்வதே. குளிர்ந்த சோலையில் வாழ்ந்த செடி சமவெளி வெயிலில் வாடிவிட, வாங்கியவர் மற்றொன்றைத் தேடுகிறார். காட்டில் மேலும் ஒன்று குறைகிறது.

அகத்தியமலையின் பாடம்

தென்கோடி மேற்குத் தொடர்ச்சி மலையில், அகத்தியமலைப் பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் ஆர்க்கிட் ஒன்று உண்டு. மஞ்சள் நிறப் பூவில் காலணி வடிவான உதடு உடையது. 1865 இல் கர்னல் டுரூரி என்பவர் இதனைக் கண்டமையால் அவர் பெயரையே தாவர நூலார் இதற்கு இட்டனர். பின்னர்ச் செடி விரும்பிகளுக்காக இது பெருமளவில் பெயர்க்கப்பட்டது. அழிந்துவிட்டதென்றே கருதப்பட்டு, 1972 இல் மீண்டும் காணப்பட்டது. இன்றும் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களுள் இதுவும் ஒன்று.

சட்டம் கூறுவது

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 1991 இல் செய்த திருத்தத்தால் சில செடிகளும் காக்கப்படுவனவாயின. காலணி ஆர்க்கிட்டுகளும் மேகாலயத்தின் குடுவைச் செடியும் அவற்றுட் சில. அவற்றைக் காட்டிலிருந்து பெயர்த்து விற்பது குற்றம். வளர்த்து விற்கவும் உரிமம் வேண்டும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதன் அயல்நாட்டு வாணிகமும் 1973 ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆயினும் ஒன்றை நாம் எண்ண வேண்டும். பெயர்த்துக் கொடுக்கும் ஏழைக்குக் கிடைப்பது சிறு கூலி. பிடிபட்டால் முதலில் வழக்கில் நிற்பவனும் அவனே. ஆகவே, தடை மட்டும் போதாது. மாற்றுத் தொழிலும் வேண்டும்.

செய்யத்தக்கவை

1. உரிய வழியில் வாங்கிய தாய்ச்செடியின் தூரைப் பிரித்து ஆர்க்கிட்டுகளைப் பெருக்கலாம். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று நான்கு தண்டுகள் இருத்தல் வேண்டும். பூஞ்சையின்றியே ஆய்வுக்கூடக் குடுவையில் விதையை முளைப்பிக்கும் முறை 1922 முதலே அறியப்பட்டதாகும். அவ்வாறு பெற்ற கன்றுகளை வாங்கி நிழல்வலைக் குடிலில் வளர்த்து விற்பதை மகளிர் குழுக்கள் மேற்கொள்ளலாம்.

2. தொடங்குமுன், பட்டியலிலுள்ள இனமா என வனத்துறையிடம் கேட்டறிக. வாங்கிய கன்றுகளுக்கும் விற்றவற்றுக்கும் பதிவேடு வைத்திருத்தல் காப்பாகும்.

3. வாங்குவோர் செடியை உற்று நோக்குக. வேரில் மரப்பட்டை ஒட்டியிருத்தல், அறுந்த வேர், பூச்சி அரித்த பழைய இலை, பாசி படிந்த தண்டு ஆகியன காட்டுச் செடியின் அடையாளங்கள். நாற்றங்காற் செடிகள் பெரும்பாலும் ஒரே அளவினவாய், வேர் தொட்டியில் அமைந்தனவாய் இருக்கும்.

காட்டிலிருந்து பெயர்த்த செடி ஒருமுறையே விலையாகும்; குடிலில் வளர்த்த தாய்ச்செடியோ ஆண்டுதோறும் கன்று தரும். மலைவாழ் குடும்பங்களுக்கு இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்டுவதும், முதற் கன்றுகளும் பயிற்சியும் கிடைக்கச் செய்வதும் வட்டார வளர்ச்சிப் பணியாளராகிய நம் கடமையாகும்.