குமரப் பருவத்தினரின் எண்ணப் பழக்கங்களும் சினமும்

பள்ளி மாணாக்கரிடையே மூளும் சண்டைகளுக்குத் துடுக்குத்தனமே காரணமெனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும், பிறர் செயலுக்கு அவர்கள் கற்பிக்கும் நோக்கத்திற்கும் சண்டைக்கும் நெருங்கிய தொடர்புண்டு என மனோதத்துவ ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

எண்ணமும் கைகலப்பும்

தண்ணீர்க் குழாயருகே நிற்கும் மாணவன் ஒருவனை மற்றொருவன் இடித்துவிடுகிறான் எனக் கொள்வோம். 'தவறிப்போய் இடித்தான்' என எண்ணுபவன் விலகிச் செல்வான். 'அவமதிக்கவே இடித்தான்' என எண்ணுபவன் கை ஓங்குவான். இத்தகைய ஐயத்திற்கிடமான நிகழ்ச்சிகளில், முரட்டுச் சிறுவர் பிறரைவிட அதிகமாகப் பகை நோக்கம் கற்பித்தனர் என்பதை அமெரிக்க அறிஞர் கென்னத் டாட்ஜ் 1980-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

சினத்தைக் கொட்டிவிட்டால் அது தணியும் என்னும் கருத்தும் சரியன்று. 2002-இல் வெளியான பிராட் புஷ்மனின் சோதனையில், தம்மைச் சினமூட்டியவரை நினைந்தவாறே குத்துப்பையைக் குத்திய கல்லூரி மாணவர், வாளா அமர்ந்திருந்தோரைவிட மிகுந்த சினமுற்றனர்.

தீவுகளின் அனுபவம்

பெருந்துன்ப காலங்களில் மனம் எளிதில் ஐயமும் சினமும் கொள்ளும். அந்தமான்-நிக்கோபார் தீவுகளை 2004 டிசம்பர் 26-இல் கடற்கோள் தாக்கியபின், பெங்களூரு தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் அங்குப் பணியாற்றினர். இடம்பெயர்ந்து முகாம்களில் தங்கியோரில் 5.2 சதவீதத்தினரிடமும், இடம்பெயராதோரில் 2.8 சதவீதத்தினரிடமும் மனநோய் காணப்பட்டது. நிக்கோபாரியரின் கூட்டுக்குடும்ப அமைப்பு துன்பத்தைத் தாங்கும் வலிமை அளித்ததையும் அவர்கள் குறித்தனர். ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஆறுதல் அளிக்கும் முறைகளில் பயிற்சி தரப்பட்டது. வீடும் ஊரும் இழந்த பிள்ளைக்கு உறவும் பள்ளியுமே எஞ்சிய பற்றுக்கோடுகள் என்பது இதனால் விளங்கும்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

1. சண்டையிட்ட மாணவனைத் தண்டிக்குமுன், 'என்ன நடந்தது? அவன் ஏன் அவ்வாறு செய்தான் என நினைத்தாய்? வேறு காரணம் இருக்கலாகாதா?' எனத் தனியே வினவுக. விடையை அவனே கூறட்டும்.

2. தேர்வு அச்சம் போன்ற, முயற்சியால் மாற்றக்கூடிய துன்பங்களுக்கு அவனுடன் சேர்ந்து வழிவகுக்கவும். உற்றாரின் மரணம் போன்றவற்றில் அறிவுரையைவிட உடனிருத்தலும் செவிசாய்த்தலுமே பயன்தரும்.

3. விளையாட்டு, பாட்டு, பள்ளி நேர ஒழுங்கு ஆகியவற்றைத் தடையின்றி நடத்துக. மனம் ஒரே குறையைச் சுற்றிச் சுழல்வதை இவை குறைக்கும்.

4. உறக்கமின்மை, ஒதுங்கியிருத்தல், தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் பேச்சு ஆகியவை தோன்றின், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புக. 14416 என்னும் டெலி-மானஸ் தொலைபேசி எண்ணிலும் இலவச ஆலோசனை பெறலாம்.

பிறர் நோக்கத்தைத் தவறாகக் கொள்வது பழக்கத்தால் வலுப்படுவது; ஆகவே, பொறுமையான பயிற்சியால் அதனைத் திருத்தவும் இயலும்.